மலையில் பறக்கும் பந்து கொழும்பில் பாதியிலேயே விழுவது ஏன்?

நானுஓயாவிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: "மகளுக்கு 14 வயது. தரம் 9, தமிழ்மொழி மூலம். நுவரெலியாவில் ஒரு கழகத்தின் களிமண் கோர்ட்டில் கிழமைக்கு நான்கு நாள் டெனிஸ் பயிற்சி. இங்கே தன் வயதுப் பிள்ளைகள் யாரிடமும் தோற்பதில்லை. கொழும்புக்குப் போனால் முதல் சுற்றோடு திரும்பி வருகிறோம். அடிக்கிற பந்தெல்லாம் பாதிக் கோர்ட்டில் விழுகிறது. கொழும்பில் விடுதியில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரியில் டெனிஸ் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாக ஒரு முகவரும் பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?"

விடுதி, முகவர் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் பார்க்கவேண்டியது பந்து.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்களவு குறைவு. மெல்லிய காற்று பந்தைத் தடுப்பது குறைவு, அதனால் பந்து நீளப் போகிறது. டொப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு அடிப்பது, பந்தைக் கீழே இழுப்பதும் காற்றின் உதவியால்தான். அந்த இழுப்பும் மலையில் குறைவு. மூன்றாவது காரணம் பந்துக்குள்ளேயே இருக்கிறது. டின்னில் அடைத்து வரும் சாதாரணப் பந்தின் உள்ளழுத்தம் கடல்மட்டத்துக்கு அளந்து வைத்தது. வெளியே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இடத்தில் அதே பந்து இறுகி, கூடுதலாக எகிறும்.

இப்படிப் பறக்கிற பந்தோடு வளரும் பிள்ளை என்ன செய்யும்? கோட்டுக்கு வெளியே போகாமல் இருக்கக் கையை அடக்கும். வீச்சைப் பாதியில் நிறுத்தும், பந்தை அடிப்பதை விட்டுத் தள்ளிவிடும். நுவரெலியாவில் அது கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைன் வரை போய் அழகாக விழும். கொழும்பின் கனத்த காற்றில் அதே தள்ளல் சேர்விஸ் கோட்டருகே விழுந்து எதிராளிக்கு நல்ல பந்தாகிவிடும். ஒரு போர்ஹேண்டைப் பின்னாலிருந்து தொலைபேசியில் படமெடுத்துப் பாருங்கள். பந்தை அடித்த பிறகு ரெக்கெட் தோளுக்கு மேலே போய் முடிகிறதா, நெஞ்சுக்கு முன்னால் நின்றுவிடுகிறதா? நின்றுவிடுகிறது என்றால் உங்கள் சிக்கல் இதுதான். பலம் போதாது, பயம் என்று சொல்லிப் பிள்ளையை வருத்தாதீர்கள்.

சர்வதேச டெனிஸ் சம்மேளனத்தின் விதிகளிலேயே 1,219 மீற்றருக்கு மேலே ஆடுவதற்கென்று தனிப் பந்து வகை உண்டு. சாதாரணப் பந்தை 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழவேண்டும். உயர்நிலப் பந்து, கடல்மட்ட நிலைமையில் சோதித்தால், 122 முதல் 135 வரைதான் எழும். மேலே கொண்டுவந்தால் சரியாகிவிடும். நுவரெலியா மட்டுமல்ல, ஹட்டனும் அந்த எல்லைக்கு மேலேதான். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், அங்கே சாதாரணப் பந்து போதும். உயர்நிலப் பந்து கடையில் கிடைப்பது அரிது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

சீமெந்துத் தரையுள்ள ஒரு சுவரில் 135, 147, 254 என்று மூன்று இடத்தில் சோக்கால் கோடு போடுங்கள். கதிரையில் ஏறி, பந்தின் அடிப்பக்கம் 254 கோட்டில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் கையை மட்டும் திறந்து விடுங்கள். இன்னொருவர் இரண்டு மீற்றர் தள்ளி, தொலைபேசியைக் கீழ்க்கோடுகள் இரண்டின் உயரத்திலேயே பிடித்து மெதுவியக்கத்தில் எடுக்கட்டும். தொலைபேசி மேலேயோ கீழேயோ இருந்தால் அளவு பிசகும். பந்தின் அடிப்பக்கம் 147ஐத் தாண்டினால் அது இன்னும் நுவரெலியாவுக்கு ஆகாத பந்து. டின்னைத் திறந்து, மூடியில் திகதி எழுதி, ஒதுக்கி வையுங்கள். திறந்த பந்து நாளாக நாளாக அழுத்தம் இழக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை சோதித்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்ததும் பயிற்சிக்கு எடுங்கள். சிலது இரண்டு கிழமையில் வரும், சிலது இன்னும் நாளெடுக்கும். பயிற்சி நடக்கும் நேரத்திலேயே சோதிப்பது முக்கியம். விடியற்காலைக் குளிரில் இறப்பர் விறைத்துப் பந்து குறைவாகத்தான் எழும், அதே பந்து மத்தியானம் துள்ளும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. பழைய பந்து என்றால் எதுவும் சரி என்று, ரோமம் தேய்ந்து வழுக்கையானதைக் கொடுத்துவிடுவார்கள். வழுக்கைப் பந்துக்குக் காற்றுத் தடை இன்னும் குறைவு. எழுவது சரியாக இருந்தாலும் பறப்பது மோசமாகும். தேவை, அழுத்தம் இறங்கியும் ரோமம் நிற்கிற பந்து. சிறுவர் பயிற்சிக்கான பச்சைப் புள்ளிப் பந்தும் வாரத்தில் ஒரு நாளைக்கு உதவும். அது சாதாரணப் பந்தைவிடக் கால்பங்கு மெதுவானது, கையை முழுதாக வீசினாலும் கோர்ட்டுக்குள் நிற்கும். ஆனால் எடை குறைவு, 50 கிராம் அளவில்தான் இருக்கும். மஞ்சள் பந்து 56 முதல் 59.4 கிராம். ஆகவே செட் ஆடும் நாட்களில் பச்சை வேண்டாம்.

பந்து சரியானதும் வீச்சைத் திருத்தலாம். வலையின் நடுவுயரம் 91.4 சென்ரிமீற்றர். இரண்டு மூங்கில் கம்பை நட்டு, வலைக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். பேஸ்லைனிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே இன்னொரு கோடு போடுங்கள். கயிற்றுக்கு மேலால் போய்க் கடைசி இரண்டு மீற்றருக்குள் விழுந்தால் ஒரு புள்ளி. ரெக்கெட் தோளுக்கு மேலே முடியாவிட்டால் பந்து எங்கே விழுந்தாலும் புள்ளி இல்லை. இருபது பந்துக்கு ஆறு ஏழு புள்ளியில் தொடங்குவது வழமை. முதல் இரண்டு மூன்று கிழமை பந்து வெளியே போகும். அப்போது யாரும் "மெதுவா அடி" என்று கத்தக்கூடாது. அந்த ஒரு வார்த்தை பழைய தள்ளலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

ஸ்ட்ரிங் விடயம் சுருக்கமாக. ஒரே மாதிரி ரெக்கெட் இரண்டு இருந்தால், மலைக்கு ஒன்றின் இறுக்கத்தை இரண்டு மூன்று இறாத்தல் கூட்டிக் கட்டுங்கள். உதாரணமாக இங்கே 52, கொழும்புக்கு 49. இறுக்கமான ஸ்ட்ரிங் பந்தைக் குறைவாகத் தள்ளும், தளர்ந்தது கூடுதலாகத் தள்ளும். பதினான்கு வயதுக் கைக்கு முழுப் பொலியெஸ்டர் ஸ்ட்ரிங் வேண்டாம். முழங்கையும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கினால் ஒரு பருவமே போய்விடும்.

கொழும்புப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு ரயிலில் போய், காலையில் நேரே கோர்ட்டில் இறங்கும் குடும்பங்கள் அதிகம். செலவு புரிகிறது. ஆனால் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து போய், 30 பாகைக்கு மேற்பட்ட புழுக்கத்தில், பழகாத பந்தோடு முதல் சுற்று ஆடுவது பாதித் தோல்வி. குறைந்தது முந்தின நாள் பின்னேரம் அங்கே ஒரு மணி நேரம் அடிக்க வையுங்கள். அந்த நேரம் வேறெதற்கும் அல்ல, பந்து தாமதித்து வருவதைக் கண் பழகவேண்டும், கயிற்றுப் பயிற்சியில் அடித்த உயரத்தை வலைக்கு மேலே காணவேண்டும், அவ்வளவுதான். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சு அதிகம் என்ற பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். வியர்வைக்கு மூச்சு ஈடாகாது. பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் நாலைந்து மிடறு தண்ணீர், இரண்டாவது செட்டிலிருந்து ஜீவனி கரைத்தது.

அடுத்தது, முதல் சுற்றோடு திரும்புவது. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு முறை கொழும்பு போய் ஆறு முறையும் முதல் சுற்றில் தோற்றால் ஓர் ஆண்டில் பதிவான ஒற்றையர் ஆட்டம் ஆறுதான். ஆட்டக்காரரின் திறனை எண்ணில் காட்டும், கல்லூரிப் பயிற்றுநர்கள் பார்க்கும் யூடிஆர் மதிப்பீடு கடந்த 12 மாதத்தில் பதிவான ஆட்டங்களில் அண்மைய 30 வரை எடுத்துக்கொள்கிறது. வென்றாயா தோற்றாயா என்பதோடு, யாரோடு ஆடி எத்தனை கேம் எடுத்தாய் என்பதையும் அது பார்க்கும். உங்கள் மகளைவிட நன்றாக மேலே இருக்கும் ஒருத்தியிடம் 4–6, 4–6 என்று தோற்றாலும் மதிப்பீடு ஏறலாம். கீழே இருப்பவளை 7–5, 7–6 என்று வென்றும் இறங்கலாம். 0–4 என்று பின்தங்கியதும் கையைத் தொங்கப் போடும் பழக்கம் இருந்தால், விலை அங்கேதான். ஆகவே போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசுக் கோப்பையைப் பார்க்காமல், தோற்றவர்களுக்கு ஆறுதல் சுற்று உண்டா, ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் குழுமுறை ஆட்டம் உண்டா, முடிவுகள் யூடிஆரில் பதிவாகுமா என்று கேளுங்கள். பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டங்கள் தானாகப் பதிவாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். ஆண்டுக்கு இருபத்தைந்து பதிவான ஆட்டம் என்ற இலக்கு இந்த வயதுக்குப் போதும்.

இரட்டையரையும் விடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதற்பிரிவில் அணி ஆட்டம் மூன்று இரட்டையரோடு தொடங்குகிறது, பிறகு ஆறு ஒற்றையர். 40–40 என்ற டியூஸ் வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பதைச் சேர்விஸை வாங்குபவர் தீர்மானிப்பார். நுவரெலியாவில் பயிற்சிச் செட்டுகளை இந்த முறையில் ஆடவைக்க ஒரு சதமும் செலவில்லை.

விடுதி? இப்போது வேண்டாம் என்பதே எமது கருத்து. தோல்விக்குக் காரணம் மலை என்றால் மலையை விட்டுப் போகலாம். இங்கே காரணம் பந்தும் பதிவான ஆட்டங்களின் பஞ்சமும். இரண்டையும் நானுஓயாவில் இருந்தபடியே தீர்க்கலாம். தென்னாபிரிக்க வீரர் கெவின் அண்டர்சன் பிறந்து வளர்ந்த ஜொஹன்னஸ்பேர்க்கும் ஏறக்குறைய 1,750 மீற்றர் உயரம்தான். அவர் அங்கிருந்து இலினோய் பல்கலைக்கழகத்துக்கு ஆடப்போய், 2017இல் அமெரிக்க ஓபன் இறுதிக்கும் 2018இல் விம்பிள்டன் இறுதிக்கும் வந்தார். ஜூன், ஜூலை மழையில் கோர்ட் நாட்கணக்காக மூடிக்கிடக்கும் என்பது உண்மைதான். அந்த இரண்டு மாதத்தின் விடுமுறை நாட்களைக் கண்டியிலோ கொழும்பிலோ போட்டிகளுக்கு ஒதுக்கினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சாதாரண தரம் முடிந்த பிறகு, மதிப்பீட்டைப் பார்த்து விடுதியை மறுபடி யோசிக்கலாம்.

அமெரிக்கப் படிப்புக்கு இன்றே தொடங்கவேண்டியது ஆங்கிலமும் ஒரு கோப்பும். தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்சிஏஏ, தரம் 9 முதலான புள்ளிகளைக் கேட்கும். தவணைத் தேர்ச்சி அறிக்கைகளை இந்த ஆண்டிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகப் பாடங்கள் போன்றவைதான் அவர்கள் கணக்கு. சித்திரத்திலும் நடனத்திலும் வாங்கிய 'ஏ' அதில் சேராது. உயர்தரம் முடித்துப் பெறுபேறு வரும்வரை சும்மா இருப்போம் என்று ஆண்டுகளைக் கடத்திப் போட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தால், கல்லூரியில் ஆடக்கூடிய பருவங்களில் வெட்டு விழக்கூடும். பாடசாலை முடியும் திகதியையும் கல்லூரியில் சேரும் திகதியையும் தரம் 11இலேயே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

புலமைப்பரிசில் என்றதும் எல்லாம் இலவசம் என்று எண்ணுவது இயல்பு. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் தருவதில்லை, படிப்புக்கும் குடும்ப நிலைக்கும் தருகின்றன. முதற்பிரிவில் 2025–26 முதல், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரி நேரடியாகப் பணம் கொடுக்க வழிவிடும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்குப் புலமைப்பரிசில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, அணிக்குப் பத்துப் பேர் என்பதே வரம்பு. அந்தப் பத்து இடத்துக்கு உலகம் முழுக்கப் போட்டி. முதற்பிரிவு டெனிஸ் ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்.

முகவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது நிலையான கட்டணமா, கிடைக்கும் புலமைப்பரிசிலில் பங்கா? பங்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தம் என்சிஏஏ விதிக்கு எதிரானது, பிள்ளையின் தகுதியே போகலாம். நிலையான கட்டணம் விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் 14 வயதில் அவர் செய்யக்கூடியது அதிகமில்லை. முதற்பிரிவுப் பயிற்றுநர்கள், அமெரிக்கக் கணக்கில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன்னர் பிள்ளைக்குப் பதில் எழுத முடியாது.

அந்த நாள் வந்ததும் நீங்களே எழுதலாம். கல்லூரி இணையத்தளங்களில் அணியின் பெயர்ப்பட்டியலும் பயிற்றுநரின் மின்னஞ்சலும் இருக்கும். அணியின் முதலாம் இடக்காரியோடு மகளை ஒப்பிட்டு மலைக்கவேண்டாம். ஐந்தாம் ஆறாம் இடத்தவர்களின் யூடிஆரைப் பாருங்கள், அதற்கு அருகில் வந்தால் எழுதுங்கள். நாடு, பாடசாலை முடிக்கும் ஆண்டு, யூடிஆர் மூன்றும் தலைப்பு வரியிலேயே இருக்கட்டும். எட்டுப் பத்து நிமிட வீடியோ, பேஸ்லைனுக்குப் பின்னால் இரண்டரை மீற்றர் உயரத்திலிருந்து, பாட்டுப் போடாமல், தோற்ற புள்ளிகளையும் வெட்டாமல். அதைக் கொழும்பில் எடுங்கள். நுவரெலியாவில் எடுத்தால் பந்து பறக்கிற வேகத்தைப் பார்த்துப் பயிற்றுநர் ஒன்றை நினைப்பார், மகள் அங்கே போய் இறங்கியதும் அவர் வேறொன்றைக் காண்பார்.