புது நடைமுறை வரும்வரை காத்திருக்காதேம்மா

விடுமுறைக்குச் சென்னை பட்டாளத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்று ராயபுரத்திலிருந்து உன் அம்மா வந்து, நீ கேட்கச் சொன்னதைக் கேட்டார். இங்கிலாந்தில் நீ கவுன்சில் (உள்ளாட்சி) வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான். அதற்குள் உன் மேலதிகாரி, நீ இங்கிலீஷ் பேசுவதுபோலவே எல்லார் முன்னாலும் பேசிக் காட்டிச் சிரிக்கிறாராம். பாகுபாடு, துன்புறுத்தல் புகார்களுக்கான நடைமுறையைத் திருத்தப்போகிறோம், ஊழியர்கள் கருத்துச் சொல்லலாம் என்று கவுன்சிலும் மெயில் அனுப்பியிருக்கிறது. புதிது வரட்டும் என்று இருக்கலாமா, இப்போதே வாயைத் திறந்தால் வேலை போய்விடுமா என்பது உன் கேள்வி.

காத்திருக்காதேம்மா. நான் காத்திருந்து இழந்தவள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அங்கே என் முதல் வேலையில் இதேபோல் நடந்தது. புகார்ப் படிவத்தில் 'நேரடி மேலதிகாரியிடம் கொடுக்கவும்' என்று இருந்தது. யாரைப் பற்றி எழுதினேனோ அவர் மேஜையிலேயே கவரை வைத்தேன். பிரிக்காமலே கீபோர்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். பதில் வர ஐந்து மாதம் ஆனது. உள்ளே விசாரணை நடக்கிறதே, அதுவரை வெளியே கெடு ஓடாது என்று நம்பியிருந்தேன். ஓடும். வேலை வழக்குகளைக் கேட்கிற தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதுதான் கணக்கு. 2025-இல் வந்த வேலை உரிமைச் சட்டம் அதை ஆறு மாதமாக நீட்டுகிறது. உன் விஷயத்துக்கு அது பொருந்துமா என்று உறுதியாகத் தெரியும்வரை மூன்று மாதம் என்றே வைத்துக்கொள். தீர்ப்பாயத்துக்கு முன்னால் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் சொல்லியாக வேண்டும். அதற்குக் காசில்லை. அவர்களிடம் பதிந்தால்தான் கெடு நிற்கும்.

வேலை போகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. 2010 சமத்துவச் சட்டம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உன்னைக் காக்கிறது. இனம் என்ற சொல்லுக்குள் நிறம், நாட்டுரிமை, இன, தேசப் பூர்வீகம் எல்லாம் வரும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால், அதுவே தனியாக ஒரு சட்டமீறல்.

தொழிற்சங்கத்தில் இன்றைக்கே சேர். பிரச்சினை முற்றிய பிறகு சேர்ந்தால் பழைய விஷயத்துக்குப் பெரும்பாலும் வரமாட்டார்கள். புகார் விசாரணைக்குச் சங்க ஆளையோ உடன் வேலை பார்ப்பவரையோ கூட்டிப்போகிற உரிமை உனக்கு உண்டு. இதை நம் பக்கத்துப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது பெரம்பூர் மில் ஆட்களை வைத்துத்தானே! என் அப்பாவும் மில்காரர். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். ஓவர்டைம் பார்த்த நாளும் நேரமும் பென்சிலில் அதில் ஏறிவிடும். அப்படி ஒன்று நீயும் வை: தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம், வீட்டு நோட்டில்.

அப்புறம், அந்தக் கருத்துக் கேட்பு. புது ஆள் நமக்கெதுக்கு என்று விடாதே. 2024 அக்டோபரிலிருந்து, பாலியல் தொந்தரவு நடக்காமல் முன்கூட்டியே தடுப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் பல இடங்களில் பழைய நடைமுறைகளைத் தூசி தட்டுகிறார்கள். கேட்கிற நேரத்தில் சொன்னால்தான் ஏறும். எனக்கு அன்று கிடைக்காத மூன்றைக் கேள்: மேலதிகாரி மேலேயே புகார் என்றால் கொடுக்க வேறு ஒரு ஆள், எத்தனை நாளில் பதில் என்ற கெடு, தீர்ப்பாயக் கெடு தனியாக ஓடுகிறது என்று படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவும் இங்கே வருகிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனில் இங்கிலீஷில் சரிசெய்து தருகிறேன்.