பிரிட்டனில் ஃப்ரீலான்ஸ் ஐடி வேலை: ஐஆர்35 என்றால் என்ன?

சொந்தமாக ஒரு கம்பெனி பதிந்து, அதன் வழியாக பில் போட்டு வேலை செய்பவரையும் ஏன் ஊழியர் என்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஐஆர்35 ஒரு வரி விதி, 2000 ஏப்ரலில் வந்தது. நடுவில் இருக்கும் அந்தக் கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நீங்கள் வாடிக்கையாளரின் ஊழியர் போல இருக்கிறீர்களா? அப்படியானால் ஊழியருக்குரிய வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயப் பங்களிப்பு) எல்லாம் உண்டு. காரணம் எளிது: வெள்ளிக்கிழமை வேலையை விட்டவர், திங்கட்கிழமை அதே நாற்காலியில் 'கான்ட்ராக்டர்' என்று உட்கார்ந்து குறைவாக வரி கட்டினார்.

கல்யாணச் சமையலை ஒப்பந்தம் எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் அவருடையது, தான் வராவிட்டால் வேறு ஆளை அனுப்புவார், சாம்பார் கெட்டால் நஷ்டமும் அவருக்கே. வீட்டில் தினமும் சமைக்க வருபவர் அப்படியில்லை. நேரம், மெனு எல்லாம் வீட்டுக்காரர் சொல்வதுதான். ஐடியிலும் இதையேதான் பார்க்கிறார்கள்.

2021 ஏப்ரல் முதல் தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய வாடிக்கையாளர்களே நீங்கள் ஊழியர் போலவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். சின்ன நிறுவனம் என்றால் பொறுப்பு உங்கள் கம்பெனிக்கு.

அப்புறம், ஒப்பந்தத்தில் 'சுயதொழில்' என்று எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் மட்டும் போதாது; ஒப்பந்த விதிகளோடு, வேலை நிஜத்தில் எப்படி நடக்கிறது என்பதையும் வரித் தீர்ப்பாயம் பார்க்கும்.