குழந்தைக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிறது, வருகைப்பதிவு குறைகிறது என்று பள்ளி சொல்கிறது. என்ன செய்வது?

வருகை விழுக்காடு என்பது பள்ளி நடந்த நாட்களில் குழந்தை வந்திருந்த நாட்களின் பங்கு. 200 வேலைநாட்களில் 20 நாள் வராவிட்டால் 90 விழுக்காடு. மாதம் இரண்டு நாள் விடுப்பே இதற்குப் போதும், அதனால்தான் பெற்றோருக்கு இது தாமதமாகத் தெரிகிறது.

பள்ளி கவலைப்படுவதற்குக் காரணம், பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதுதான். ஏணியில் ஒரு படி இல்லையென்றால் தாண்டிவிடலாம். அடுத்தடுத்து இரண்டு இல்லையென்றால் ஏற முடியாது. பின்னத்தைத் தவறவிட்ட குழந்தைக்கு விழுக்காட்டுக் கணக்கு புரியாது.

விடுப்பு எடுக்கும் அன்று காலையிலேயே பள்ளிக்குத் தெரிவியுங்கள். தேதி, கிழமை, அறிகுறி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். திங்கட்கிழமைகளிலோ தேர்வு நாட்களிலோ மட்டும் வயிற்றுவலி வந்தால், பள்ளியில் ஏதாவது பயமுறுத்துகிறதா என்று மெதுவாக விசாரிக்க வேண்டும். வலி பொய்யல்ல, பதற்றத்தாலும் வயிறு உண்மையாகவே வலிக்கும். ஆஸ்துமா போன்ற நீடித்த நோய் என்றால், மருத்துவர் கடிதத்தில் "உடல்நலமில்லை" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. நோயின் பெயர், எவ்வளவு காலம் நீடிக்கும், வகுப்பில் என்ன உதவி தேவை என்பவை இருக்கட்டும். விடுபட்ட பாடங்களைக் கேட்க ஒரே ஆசிரியரைத் தொடர்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நோட்டையும் நிரப்ப வேண்டாம். கணக்கும் மொழியும் முதலில்.

காய்ச்சல் மருந்தில்லாமல் 24 மணி நேரம் வராதிருந்து, குழந்தையும் தெம்பாக இருந்தால் அனுப்பலாம். லேசான சளிக்கு விடுப்பு தேவையில்லை.

மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் அந்த நாட்கள் வந்ததாகப் பதிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது விடுப்புக்கான காரணத்தை ஏற்கச் செய்யுமே தவிர, வருகைக் கணக்கில் சேராது.