உபுண்டு நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லையா?

வணக்கம். விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, ஆனால் உபுண்டு (லினக்ஸ்) நிறுவியில் பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது என்றீர்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஆர்எஸ்டி (இன்டெலின் டிஸ்க் மேலாண்மை முறை) இருப்பதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். சிக்கல் அங்கேதான். அந்த முறையில் எஸ்எஸ்டி (கணினிக்குள் இருக்கும் சேமிப்பு டிஸ்க்) இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஏஎச்சிஐ, அதாவது டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும், ஆனால் தயவுசெய்து நேரடியாக மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் பழைய டிரைவரையே தேடி நீலத்திரையில் நின்றுவிடும்.

முதலில் பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதிவைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடு) டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். சில லேப்டாப்களில் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பை அணைப்பதுதான் அதே வேலை. சேஃப் மோடில் விண்டோஸ் ஏறும்போது சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

சேஃப் மோடில் விண்டோஸுக்குள் நுழையும் பின் (PIN) எண் பல நேரம் வேலை செய்யாது, கணக்கின் பாஸ்வேர்ட் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டு டிஸ்க்குகளை ரெய்டாக (ஒரே டிஸ்க் போல) இணைத்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம், தரவு போய்விடலாம். அப்படியானால் பயாஸ் திரையைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.