ஆங்கிலக் கட்டுரைப் பிழைகள்: எதை முதலில் திருத்துவது?

சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை தமிழில் படித்து, உயர்தரத்தில் ஆங்கில மொழிமூலத்துக்கு மாறிய உங்கள் மகளின் கட்டுரைகள் சிவப்பு மை நிறைந்து திரும்புகின்றன என்றும், இவ்வயதுப் பிள்ளைகள் பொதுவாக விடும் பிழைகள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குப் பல ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

சிவப்பு மையின் பெரும்பகுதி ‘ஏ’ (a), ‘த’ (the) என்னும் சிறு சொற்களுக்கே செலவாகியிருக்கும். தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. நமது ‘ஒரு’ அந்த வேலை முழுவதையும் செய்வதில்லை. சிங்களத்தில் ‘பொத’ என்றால் குறிப்பிட்ட புத்தகம், ‘பொதக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம் என்று ஈற்றிலேனும் வேறுபாடு தெரியும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பிடியும் இல்லை. ‘எவிடன்ஸ்’, ‘இன்போமேஷன்’ ஆகியவற்றைப் பன்மையாக்குவதும், ‘பற்றி’ என்பதை நினைத்துக்கொண்டு ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ சேர்ப்பதும் இதே வகைதான். இவற்றால் பொருள் கெடுவது அரிது. வாசிப்புப் பெருகப் பெருக இவை குறையும். நானும் வேலைக்கு எழுதிய முதல் விண்ணப்பத்தில் மூன்று ‘த’க்களை விட்டவன்தான்.

வாதத்தையே குலைப்பது வாக்கிய இணைப்பு. “2022இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் இறக்குமதி குறைந்து, மின்வெட்டு நீண்டு, தொழிற்சாலைகள் முடங்கின” என்பது குறையற்ற தமிழ் வாக்கியம்; முற்றுவினை இறுதியில் ஒன்றே வருவதால், எத்தனை வினையெச்சங்கள் வந்தாலும் அது தாங்கும். இதையே ஆங்கிலத்தில் எழுதும் மாணவி நான்கு முழு வாக்கியங்களைக் காற்புள்ளிகளால் மட்டும் தொடுத்துவிடுகிறாள். அது இலக்கணப் பிழை என்பது ஒருபுறமிருக்க, ‘வற்றி’ என்ற எச்சம் முன்பின் வரிசையைக் குறிக்கிறதா, காரணத்தைக் குறிக்கிறதா என்பதைத் தமிழ் வாசகர் தாமே உணர்ந்துகொள்வார்; ஆங்கிலக் கல்விசார் எழுத்தோ அந்த உறவை ஓர் இணைப்புச் சொல்லால் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. பொருளியல் விடையில் இதைச் சொல்லாமல் விட்டால் காரண-காரிய விளக்கமே இல்லாமற் போகிறது.

‘ஏனெனில்’ இன்னொரு கண்ணி. தமிழில் அதைத் தொடக்கமாகக் கொண்டு தனி வாக்கியம் எழுதலாம். அந்தப் பழக்கத்தில் ‘பிகோஸ்’ என்று தொடங்கி, ஒரு காரணத்தைச் சொல்லி, முற்றுப்புள்ளியும் வைத்துவிடுகிறார்கள். தலைமை வாக்கியம் முன் வரியிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்தது தொனி. பேச்சுப் போட்டியில் கைதட்டல் வாங்கிய பிள்ளை கட்டுரையையும் ‘ஆதிகாலம் தொட்டு’ என்று ஆரம்பித்து, பத்திக்குப் பத்தி ‘மஸ்ட்’ போட்டு முழங்குகிறது. சான்று தாங்கும் அளவுக்கே கூற்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ‘மே’ (may), ‘சஜெஸ்ட்’ (suggest) போன்ற சொற்கள் இருக்கின்றன. இதை அந்நியப் பழக்கம் என்று கருத வேண்டியதில்லை. தமிழ்ப் பாடத்தில் ‘எனலாம்’, ‘எனத் தோன்றுகிறது’ என்று அவர்கள் எழுதுவதும் அதற்காகவே. ரியூட்டிலிருந்து, அதாவது வகுப்பில் கொடுக்கும் குறிப்புத்தாளிலிருந்து, மனனம் செய்த பத்தியை, யாருடையது என்று குறிப்பிடாமல் அப்படியே இறக்குவதையும் இங்கே சேர்க்கலாம். மனப்பாடமாகச் செய்யுளை ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்றே வளர்ந்தவர்களுக்கு இது குற்றம் என்பதை யாராவது முதலில் சொல்ல வேண்டும்.

பிரித்தானிய மொழியியலாளர் பிட் கோடர் 1967இல், கவனக்குறைவால் நேரும் தவறையும், கற்பவரின் மனத்திலுள்ள விதியிலிருந்தே வரும் பிழையையும் பிரித்துக் காட்டினார். அதை ஒட்டி நான் செய்வது இதுதான்: கட்டுரையில் எதையும் திருத்தாமல் மறுநாள் திருப்பிக் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்வேன். வாசிக்கும்போது மாணவர் தாமே திருத்துபவற்றை நான் தொடுவதில்லை. தடங்கலின்றி வாசித்துக் கடந்துபோகும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்வேன். உங்கள் மகளிடம் அவ்வாறு வாசிக்கச் சொல்லும்போது ஒவ்வொரு காற்புள்ளியிலும் நிறுத்தி, “இது அதற்குக் காரணமா, அதற்குப் பின் நடந்ததா?” என்று தமிழிலேயே கேளுங்கள். அவள் சொல்லும் விடைக்குரிய ஆங்கில இணைப்புச் சொல்லை அந்த இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘த’வை அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம்.