அழித்தும் இடம் வரவில்லையே! வர்ச்சுவல் மெஷின் கேள்வி-பதில்

கே: ஏலக்காய் வியாபாரக் கணக்குக்கு ஒரு லினக்ஸ் வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓடுகிறது சார். உள்ளே 30 ஜிபி பழைய பேக்கப்பை அழித்தேன். வெளியே அதன் டிஸ்காக இருக்கும் கியூகவ்2 (qcow2) ஃபைல் இம்மிகூடக் குறையவில்லை. (குமுளி)

ப: உள்ளே நீங்கள் அழித்தது, மெஷினைத் தாங்கும் நிஜக் கம்ப்யூட்டரான ஹோஸ்டுக்குத் தெரியாது. கடையைக் காலி செய்துவிட்டுச் சாவியைத் திருப்பித் தராத வாடகைக்காரர் மாதிரிதான் இது. ஃபைல் சிஸ்டம் ‘இந்த பிளாக் காலி’ என்று தனக்குள் குறித்துக்கொள்கிறது. பழைய டேட்டா இமேஜில் (அந்த டிஸ்க் ஃபைலில்) அப்படியே கிடக்கிறது. ஹோஸ்டில் மெஷினின் டிஸ்க் அமைப்புக்குப் போய், காலி இடத்தைத் திருப்பித் தரும் டிஸ்கார்டை ‘அன்மேப்’ (discard=unmap) என மாற்றி, மெஷினை முழுக்க நிறுத்தி ஏற்றுங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. பிறகு உள்ளே, காலி பிளாக்குகளை ஹோஸ்டுக்குச் சொல்லும் ‘எஃப்எஸ்டிரிம் -ஏவி’ (fstrim -av) கட்டளையைக் கொடுங்கள். டிஸ்க் இணைப்பு வகை விர்ட்டியோ-பிளாக் என்றால், ஹோஸ்டில் மெஷினை ஓட்டும் கியூஈஎம்யூ (QEMU) குறைந்தது 4.0, உள்ளே ஓடும் கெஸ்டில் லினக்ஸ் கெர்னல் குறைந்தது 5.0 வேண்டும். இரண்டும் 2019இல் வந்தவை. அதற்கும் பழசு என்றால் விர்ட்டியோ-ஸ்கஸி என்ற இணைப்பு வகைக்கு மாறுங்கள். இமேஜுக்குள் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் சேமிப்பு) இருந்தால் அது பிடித்துவைத்த பிளாக் விடுபடாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹோஸ்டில் இடம் தீர்ந்தால், உள்ளே இட அளவு காட்டும் டிஎஃப் (df) கட்டளை எத்தனை ஜிபி காலி என்று காட்டினாலும், மெஷின் பாதியில் ‘பாஸ்’ ஆகி நிற்கும். சீசன் நேரத்தில் அந்தத் தலைவலி எதற்கு?

கே: ரா இமேஜை (raw, கியூகவ்2 அல்லாத வெறும் டிஸ்க் ஃபைல்) ‘எல்எஸ்’ (ls) கட்டளை 100 ஜிபி என்கிறது, ‘டியூ’ (du) 18 என்கிறது. 64 ஜிபி பென் டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது. (கொழிஞ்சாம்பாறை)

ப: இரண்டும் சரிதான். எல்எஸ் சொல்வது ஃபைலின் நீளம். டியூ சொல்வது டிஸ்கில் உண்மையாகப் பிடித்த இடம். நடுவில் இருப்பதெல்லாம் எழுதப்படாத ஓட்டை. பென் டிரைவின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட் (exFAT) என்றால் அதற்கு ஓட்டை தெரியாது, 100ஐயும் எழுதப் பார்க்கும். ‘கியூஈஎம்யூ-இமேஜ் கன்வெர்ட்’ மூலம் கியூகவ்2 ஆக்கிக் கொண்டுபோங்கள். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைலுக்கு 4 ஜிபிதான், அதில் முயலவே வேண்டாம்.

கே: டிஸ்கை 20இலிருந்து 40 ஜிபி ஆக்கினேன். டிஎஃப் இன்னும் 20தான் காட்டுகிறது. (நகரி, கல்லூரி மாணவர்)

ப: தம்பி, நீ பெரிதாக்கியது டிஸ்கை மட்டும். ‘க்ரோபார்ட்’டால் (growpart) டிஸ்கின் பகுதியான பார்ட்டிஷனை நீட்டு, பிறகு அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தை நீட்டு: ஈஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ்’.

கே: டிஎஃப் 100% என்கிறது, டியூ கூட்டினால் பாதிகூட இல்லை. (செங்கோட்டை)

ப: அழித்த லாக் ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கும், அது மூடும்வரை இடம் விடுபடாது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (lsof +L1) கட்டளை ஆளைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.