கீத் பார்க்: லண்டன் வானைக் காத்த தளபதி – கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதியாக விளங்கிய கீத் பார்க் குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: பீரங்கிப் படையில் இருந்தவர் விமானப்படைக்கு வந்தது எப்படி ஐயா?

நியூசிலாந்தின் தேம்ஸ் என்னும் ஊரில் 1892இல் பிறந்த பார்க், முதல் உலகப்போரின்போது கலிப்போலியில் பீரங்கி வீரராகப் போரிட்டார். 1916இல் சோம் போர்க்களத்தில் வெடித்த எறிகணை அவரைக் குதிரையிலிருந்து தூக்கி எறிந்தது. இனிக் களப்பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகே அவர் அன்றைய பிரிட்டிஷ் விமானப்படையான ‘பறக்கும் படை’யில் சேர்ந்தார். குதிரையேற முடியாதவர் போர் விமானம் ஓட்டினார் என்பது விந்தைதான்.

கேள்வி: 1940இல் ஜெர்மானியர்கள் கூட்டமாக வந்தபோதும் இவர் ஓரிரு படையணிகளை மட்டுமே அனுப்பியது ஏன்? அது அச்சமா, சிக்கனமா?

சிக்கனம் என்பேன். லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த 11ஆம் போர் விமானக் குழுமம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து எதிரி வந்துசேரச் சில நிமிடங்களே போதும் என்பதால், பல படையணிகளை வானில் ஒன்றுதிரட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் தளங்களின் மேல் குண்டு விழுந்துவிடும். எல்லோரையும் ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டால், அவர்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும் வேளையில் அடுத்த அலையைத் தடுக்க ஆளிருக்காது. ராடார் தந்த செய்தியை வைத்துக்கொண்டு, யாரை எப்போது ஏற்றுவது என்று நிமிடக் கணக்கில் முடிவெடுத்ததே அவர் திறமை. தம் சொந்த ஹரிக்கேன் விமானத்தில் தளம் தளமாகப் பறந்து சென்று விமானிகளின் குறைகளையும் நேரில் கேட்டார்.

கேள்வி: செப்டம்பர் 15 அன்று சர்ச்சில் அவரிடம் கேட்டதாகச் சொல்லப்படுவது என்ன?

அன்று சர்ச்சில் அக்ஸ்பிரிட்ஜில் இருந்த 11ஆம் குழுமத்தின் நிலத்தடிக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து சண்டையைக் கவனித்துக்கொண்டிருந்தார். கையிருப்பில் இன்னும் எத்தனை படையணிகள் உள்ளன என்று அவர் கேட்க, ஒன்றும் இல்லை என்றார் பார்க்.

கேள்வி: வென்றவரை ஏன் மாற்றினார்கள்?

பக்கத்துப் பகுதியைக் காத்த 12ஆம் குழுமத்தின் தளபதி லீ-மலோரி, பல படையணிகளை ஒன்றுசேர்த்துப் பெரும் அணியாகத் தாக்க வேண்டும் என்று வாதிட்டார். அக்டோபரில் விமான அமைச்சகம் கூட்டிய கூட்டத்தில் இளநிலை அதிகாரியான டக்ளஸ் பேடரும் வந்தமர்ந்து அதற்காகப் பேசினார். ஆண்டு முடிவதற்குள் பார்க் பயிற்சிக் குழுமத்துக்கு அனுப்பப்பட, அவருடைய இடத்துக்கு லீ-மலோரியே வந்தார். இதை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

கேள்வி: மால்டாவில் என்ன செய்தார்?

1942 ஜூலையில் மத்தியதரைக் கடலில் உள்ள அந்தத் தீவில் பொறுப்பேற்றதும், குண்டுவீச்சு விமானங்களைத் தீவை நெருங்கவிடாமல் வடக்கே கடலின் மேலேயே எதிர்கொள்ளுமாறு ஆணையிட்டார். முன்பு அவரைக் குறைகூறியவர்களுக்கு இதுவே விடை: நேரமும் விமானமும் இருந்த இடத்தில் அவரும் முன்சென்று தாக்கினார்.

கேள்வி: பேராதனையில் வசிப்பவன் நான். பார்க்குக்கும் கண்டிக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் 1944 முதல் உங்கள் ஊரில்தான் இயங்கியது. அதன் விமானப்படைத் தலைவராகப் பார்க்குக்கு முன் நியமிக்கப்பட்டவர் அதே லீ-மலோரி. பொறுப்பேற்க வரும் வழியில், 1944 நவம்பரில், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி அவர் மனைவியோடு இறந்தார். அந்தப் பதவிக்கு 1945 பிப்ரவரியில் வந்த பார்க், பர்மாவில் முன்னேறிய தரைப்படைக்கு வான்வழியாக உணவும் வெடிமருந்தும் அனுப்பும் பணியைப் போர் முடியும்வரை நடத்தினார்.